பைக்கைக் கழற்றிக் கற்ற கோவைக்காரர்: யார் இந்த ஜி.டி.நாயுடு?

சைலன்சரை மாற்றியதும் பைக் திணறுதா? கார்புரேட்டர் உள்ள பழைய பைக் என்றால், மெக்கானிக் அதைத்தான் கழற்றிப் பார்ப்பார். கழற்றினால்தான் கோளாறு தெரியும். கோவையில் இப்படிக் கழற்றியே தொழில் கற்றவர் ஜி.டி.நாயுடு.

1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஒட்டவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் மனசு அதிலேயே நின்னுபோச்சு. ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து அதையே வாங்கினார். பிறகு பாகம் பாகமாகக் கழற்றிப் போட்டார். திரும்ப மாட்டத் தெரியாவிட்டால் சேர்த்த காசெல்லாம் வீண்தான். ஆனால் மாட்டிவிட்டார்.

1920-ல் பொள்ளாச்சி - பழனி பஸ் ஓட்டினார். 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின் மோட்டார் தயாரித்தார். 1945-ல் கோவையில் பாலிடெக்னிக் தொடங்க முன்னின்றார். பள்ளியில் நிற்காதவர், அங்கே முதல்வர். 1974-ல் மறைந்தார்.