கிஹிமில் ஒரு மழைக்காலம்

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மும்பையில் பிறந்தார். மழலைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்த அவரைத் தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜி வளர்த்தார். சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் அவர் வீழ்த்திய சிட்டு ஒன்றின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அஃது என்ன பறவை என்றறிய, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் சென்றார். பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளை மில்லார்டு அவருக்கு எடுத்துக் காட்டினார். அன்று பற்றிய ஆர்வம் பின்னர் அணையவேயில்லை.

ஆர்வம் இருந்தது, பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. அக்குறையால் அரசின் விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பணி அவருக்குக் கிட்டவில்லை. 1926இல் மும்பை அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளரானார். பின்னர் விடுப்புப் பெற்று, பெர்லினில் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்றார். பறவையின் தோலையும் இறகையும் அளப்பதோடு நில்லாமல், உயிருள்ள பறவையின் வாழ்க்கையையும் ஆராய வேண்டும் என்பது அப்பேராசிரியரின் கொள்கை. 1930இல் தாயகம் திரும்பியபோது, நிதிப் பற்றாக்குறையால் சாலிம் அலியின் பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

வேலையற்ற நிலையில் அவர் மனைவி தெஹ்மினாவுடன் மும்பைத் துறைமுகத்திற்கு அப்பாலுள்ள கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூருக்குச் சென்று தங்கினார். அங்கே, வீட்டிற்கு அருகில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டின. வேறொருவர் வேலை தேடி அலைந்திருப்பார். அவரோ மறைவில் அமர்ந்து நாள்தோறும் பல மணி நேரம் அக்குருவிகளை நோக்கிக் குறிப்பெடுத்தார்.

கூடு பின்னுவது ஆண்குருவியே. புல்லையும் ஓலையையும் நார்நாராகக் கிழித்து வந்து, கிளை நுனியில் முடிந்து தொங்கவிடும். கூடு பாதி முடிந்து தலைக்கவசம் போன்ற வடிவம் பெறும்போது பெண்குருவிகள் பார்வையிட வரும். ஆண்குருவி சிறகடித்துக் குரலெழுப்பி அழைக்கும். கூடு பிடித்திருந்தால் பெண் அதனைத் தனதாக்கிக்கொள்ளும். அதன் பின்னரே நீண்ட நுழைவுக் குழல் கட்டி முடிக்கப்படும். பிடிக்காவிடில் அது குறையாகவே விடப்படும். மரங்களில் நாம் காணும் அரைகுறைக் கூடுகள் பல இவ்வாறு மறுக்கப்பட்டவையே. பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் அருகிலேயே அடுத்த கூட்டினைத் தொடங்கி வேறொரு பெண்ணை எதிர்நோக்கும். பருவம் முழுதும் ஒரே இணையோடு வாழ்வதில்லை என்னும் இவ்வுண்மையைப் பொறுமையான நேரடி நோக்கே வெளிப்படுத்தியது. 1931இல் இந்த ஆய்வுக் கட்டுரை வெளிவந்து, அவருக்குப் பறவையியலாளர் என்னும் பெயரை ஈட்டித் தந்தது.

அதன் பின் ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி எனப் பல சமஸ்தானங்களின் பறவைகளைக் கள ஆய்வு செய்தார். உறுதுணையாயிருந்த தெஹ்மினா 1939இல் மறைந்தார். 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளியாயிற்று. டில்லான் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய பறவைக் கையேடு பத்துத் தொகுதிகளாக விரிந்தது. 1976இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1987இல் தம் தொண்ணூறாம் வயதில் மும்பையில் காலமானார்.