அகஸ்டஸ் சீசர்

பண்டைக் காலத்தில் மேலை நாட்டினரைத் தமிழர் யவனர் என்று அழைத்தனர். அவர்களுடைய மரக்கலங்கள் பொன்னைக் கொணர்ந்து, சேர நாட்டு முசிறித் துறையில் மிளகை ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றில் காணப்படுகின்றது. அம்முசிறியின் அருகே உரோமப் பேரரசர் ஒருவருக்குரிய கோயிலைப் பழைய உரோம நிலப்படம் ஒன்று குறித்துக் காட்டுகின்றது. அப்படத்தின் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் படி வியன்னா நகரத்து நூலகத்தில் உள்ளது. கோயிலுக்குரிய அப்பேரரசர் அகஸ்டஸ் சீசர் ஆவார். மனிதராய்ப் பிறந்த ஒருவர் தெய்வமாகக் கொள்ளப்பட்டது எங்ஙனம்? அதனை அவர் வரலாறே விளக்கும்.

அவர் கி.மு. 63-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் உரோமாபுரியில் பிறந்தார். இளமைப் பெயர் ஆக்டேவியஸ். நான்கு வயதிலேயே தந்தையை இழந்தார். அன்னையாகிய அத்தியா, மாவீரர் ஜூலியஸ் சீசரின் உடன்பிறந்தாள் மகள். மக்கட்பேற்றில் ஆண் வாரிசு இல்லாத சீசர், இவரைத் தம் மைந்தராகக் கொண்டு விருப்ப ஆவணம் எழுதி வைத்தார். கி.மு. 44-இல் மார்ச்சு 15-ஆம் நாள் சீசர் கொலையுண்டபோது, ஆக்டேவியஸ் அப்பொலோனியா என்னும் ஊரில் கல்வி பயின்றுகொண்டிருந்தார். வயது பதினெட்டு. படையும் இல்லை, பதவியும் இல்லை. ஆயினும் அவர் அஞ்சாது தலைநகர் புகுந்தார்.

அவ்வாண்டு ஜூலைத் திங்களில் சீசரின் நினைவாக விழா எடுத்தார். விழா நாள்களில் வானத்தில் வால்மீன் ஒன்று தோன்றி ஏழு நாள் ஒளிர்ந்தது. சீசரின் உயிரே விண்ணகம் புகுந்து விளங்குகின்றது என மக்கள் நம்பினர். இளைஞரும் அந்நம்பிக்கையை நழுவவிடவில்லை. சீசர் சிலையின் தலைமேல் விண்மீன் ஒன்றைப் பொருத்தினார். கி.மு. 42-இல் ஆட்சிமன்றமாகிய செனட் சபை, சீசரைத் தெய்வம் என அறிவித்தது. அன்று முதல் ஆக்டேவியஸ் தெய்வ மைந்தர் என்னும் பட்டத்தைத் தாங்கினார்.

இதனை வெறுஞ் சூழ்ச்சி என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால், உரோமர் நெஞ்சில் தெய்வங்கள் பெற்றிருந்த இடத்தை அறியாதார் கூற்றாகும் அது. வானரசராகிய ஜூப்பிட்டர், போர்க்கடவுளாகிய மார்ஸ், அடுப்பெரியைக் காக்கும் வெஸ்தா, முன்னும் பின்னும் முகமுடைய ஜேனஸ் எனத் தெய்வங்கள் பலர். இல்லந்தோறும் இல்லுறை தெய்வம். முச்சந்திதோறும் காவல் தெய்வம். நம் சிற்றூர்களின் எல்லைத் தெய்வங்களை இங்கே நினைவுகூரலாம். உரோமாபுரியை நிறுவிய ரோமுலஸ் என்பானும் விண்ணகம் ஏறித் தெய்வமானான் என்று அவர்கள் பழங்கதை கூறும். டிராய் நகரம் எரிந்தபோது முதிய தந்தையைத் தோளில் சுமந்து, குலதெய்வ உருக்களோடு கடல் கடந்து வந்த ஈனியஸ், வீனஸ் தேவியின் மகன். சீசரின் குலமோ அவன் வழியில் வந்ததாகப் பெருமை கொண்டது. இக்கதையைப் பெருங்காப்பியமாக்கிய புலவர் வர்ஜில் அகஸ்டஸ் காலத்தவரே. நூல் நிறைவு பெறவில்லை எனக் கருதிய அவர், அதனை எரித்துவிட விரும்பி கி.மு. 19-இல் இறந்தார். பேரரசர் அதனை எரிக்க விடாமல் காத்தார். அவ்வொரு செயலுக்காகவே புலவருலகம் அவருக்குக் கடமைப்பட்டுள்ளது.

அரியணை நோக்கிச் சென்ற அவரது பாதை குருதி தோய்ந்தது என்பதையும் மறைத்தல் கூடாது. கி.மு. 43-இல் அந்தோனி, இலெபிடஸ் என்போருடன் சேர்ந்து பகைவர் பெயர்களைப் பட்டியலிட்டுக் கொல்லச் செய்தார். நாவன்மையிற் சிறந்த சிசரோவும் அதில் மாண்டார். பின்னர் அந்தோனியோடும் பகை மூண்டது. கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போரில் வென்று, மறு ஆண்டில் எகிப்து நாட்டைக் கைக்கொண்டார்.

நாடு நெடும் போரால் நைந்திருந்தது. கோயில்கள் பாழ்பட்டுக் கிடந்தன. தெய்வங்களை மறந்தமையாலேயே இத்துன்பம் நேர்ந்தது என்று மக்கள் எண்ணினர். கி.மு. 28-இல் ஓராண்டிலேயே எண்பத்திரண்டு கோயில்களைப் புதுக்கினார். எழுபது கோயில் எடுத்த கோச்செங்கட் சோழனைக் கேட்டறிந்த தமிழருக்கு இச்செய்தி வியப்பன்று. ஜேனஸ் கோயிலின் கதவுகள் போர்க்காலத்தில் திறந்தும் அமைதிக்காலத்தில் அடைத்தும் இருத்தல் மரபு. நகரம் தோன்றியது முதல் அவர் பிறக்கும்வரை இருமுறையே அடைக்கப்பட்ட அக்கதவுகள், அவர் தலைமையில் மும்முறை அடைக்கப்பட்டன. கி.மு. 27-இல் செனட் சபை அவருக்கு அகஸ்டஸ் என்னும் பெயரை வழங்கியது. வணக்கத்திற்குரியவர் என்பது அதன் பொருள். ஆகஸ்டுத் திங்கள் அவர் பெயரைத் தாங்கியதே.

அவர் பொறுமைக்கு ஒரு சான்று உண்டு. தலைமைக் குருவின் பதவி இலெபிடஸிடம் இருந்தது. அவரோ அதிகாரம் இழந்து ஒதுங்கி வாழ்ந்தவர். அப்பதவியைப் பறித்தல் பேரரசருக்கு அரிதன்று. எனினும், குருவின் பதவி வாழ்நாள் முழுதும் உரியது என்னும் மரபை மீறாமல் இலெபிடஸ் இறக்கும்வரை காத்திருந்தார், கி.மு. 12-இல்தான் அதனை ஏற்றார்.

தம்மைத் தெய்வமாக வழிபடுவதை உரோமாபுரியில் அவர் ஒப்பவில்லை. நண்பரும் மருமகருமான அக்ரிப்பா, பாந்தியன் என்னும் கோயிலைக் கட்டி அதனுள் பேரரசரின் சிலையை நிறுவ விழைந்தார். பேரரசர் மறுக்கவே, சீசரின் சிலை அங்கே வைக்கப்பட்டது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் நிற்கும் வளாகமும், முன்னுள்ள சாலையும் அப்பெயரையே உடையன. அது பாண்டியன் சாலை என்பதன் திரிபன்று. தாம்பரத்திலிருந்து மின்தொடரியில் எழும்பூர் செல்லும் மாணவர், தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்த உரோம நாணயங்களை அங்கே காணலாம். ஆனால், கீழை மாநிலங்களில் உரோமை நகர்த் தேவியோடு சேர்த்துத் தமக்குக் கோயில் எடுக்க அவர் இசைந்தார். தலைநகரின் முச்சந்திக் கோயில்களிலும் அவரது காவல் தேவதைக்கு வழிபாடு நிகழ்ந்தது. மறுப்பிற்கும் இசைவிற்கும் இடையே அவர் வகுத்துக்கொண்ட எல்லை மிக நுண்ணியது.

எகிப்து வயமானபின் கீழ்த்திசை வணிகம் ஓங்கியது. ஆண்டுதோறும் நூற்றிருபது கப்பல்கள் செங்கடல் துறையிலிருந்து இந்தியாவுக்குச் சென்றன என்று அக்காலத்து நிலநூலாசிரியர் இஸ்திராபோ எழுதினார். பாண்டிய மன்னனிடமிருந்து அகஸ்டஸுக்குப் பரிசில்கள் சென்றதாகவும் அவர் குறித்தார். அம்மன்னனைப் போரஸ் என்பாரும் உளர்.

புறத்தே இத்துணைச் சிறப்பெய்தியவர் இல்லத்தில் இன்பங் காணவில்லை. ஒரே மகள் ஜூலியாவை ஒழுக்கம் பிழைத்தாள் என்று கி.மு. 2-இல் நாடு கடத்தினார். அரசுரிமைக்கென வளர்த்த பேரர் இருவருள் இலூசியஸ் கி.பி. 2-இலும், கேயஸ் கி.பி. 4-இலும் இறந்தனர். அவ்விருவரின் உருவம் பொறித்த வெள்ளி நாணயங்கள் தமிழ்நாட்டில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. தாத்தாவின் ஆசை அழிந்தபின்னும் அது கொங்கு நாட்டு மண்ணில் வெள்ளியாய் எஞ்சியது. முடிவில் மனைவி இலிவியாவின் முதற்கணவர்வழி மகனாகிய டைபீரியஸையே வழித்தோன்றலாக்கினார்.

கி.பி. 14-இல் ஆகஸ்டு 19-ஆம் நாள் நோலா என்னும் ஊரில் உயிர் நீத்தார். அவர் வான்புகக் கண்டதாகச் செனட் உறுப்பினர் ஒருவர் ஆணையிட்டுக் கூறினார். இலிவியா அவருக்குப் பெரும்பொருள் அளித்தாளாம். அச்சான்றின் பெறுமதியை அப்பொருளே உணர்த்தும். செப்டம்பர் 17-ஆம் நாள் செனட் சபை அகஸ்டஸைத் தெய்வமாக அறிவித்தது.

அதன்பின் டைபீரியஸின் நாணயங்கள், தெய்வமாகிய அகஸ்டஸின் மகன் என்னும் எழுத்துகளோடு தமிழகம் வந்தன. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் உரோமப் பொற்காசுகள் 501 கொண்ட புதையல் வெளிப்பட்டது. டைபீரியஸ், கிளாடியஸ், நீரோ முதலியோர் காசுகள் அவை. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் ஆழமாக வெட்டப்பட்டிருந்தது. மீண்டும் நாணயமாகச் செலாவணி ஆகாவண்ணம் அவ்வாறு செய்தனர் போலும் என்பர் ஆராய்ச்சியாளர். வெட்டியோர்க்கு அம்முகம் தெய்வமன்று. பொன்னின் எடையே வேண்டியிருந்தது.