சயாம் இளவரசர் பீரா: ஐரோப்பியப் பந்தயப் பாதையில் ஓர் ஆசியர்

கார்ப் பந்தயம் என்றால் அது மேற்கு நாட்டுச் செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணமே நமது பிரதேசத்தில் பொதுவாக நிலவி வருகின்றது. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையிலான கரையோர ஊர்களில் உதைபந்தாட்டத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் உள்ள வரவேற்பு அதற்கு என்றுமே இருந்ததில்லை. நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1930களிலேயே தொடங்கிவிட்ட போதிலும், அன்று அது பெரும்பாலும் தோட்டத்துரைமாரின் விளையாட்டாகவே இருந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005 ஆம் ஆண்டு போர்முலா-1 பந்தயத்தில் களமிறங்கிய பின்னர்தான் தமிழ் பேசும் மக்களின் பார்வை ஓரளவேனும் அப்பக்கம் திரும்பியது.

ஆனால், அதற்குச் சரியாக 70 ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் ஆசிய இளைஞர் ஐரோப்பியரின் பந்தயப் பாதைகளில் இறங்கி, அவர்களை அவர்களது மண்ணிலேயே தோற்கடித்துக் காட்டினார். அவர் பெயர் பீரா. சயாம் நாட்டின் இளவரசர். அந்நாள் பத்திரிகைகளில் பெயர் அடிபடாத வாரம் இல்லை என்னுமளவுக்குப் புகழ்பெற்றிருந்த அவரை, இன்று கார்ப் பந்தய ரசிகர்களிலும் பலர் அறியமாட்டார்கள்.

சயாம் நமக்கு அந்நியமான நாடன்று. 1753 ஆம் ஆண்டு கண்டியில் பௌத்த உபசம்பதாவை மீண்டும் நிலைநாட்டியவர்கள் அங்கிருந்து வந்த பிக்குகளே. சியம் நிக்காய என்ற பெயர் அதற்குச் சான்று. மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களுக்கோ சயாம் என்றால் இரண்டாம் உலகப் போர்க்கால மரண ரயில் பாதையே நினைவுக்கு வரும். பட்டாணி முஸ்லிம்களின் துயரங்கள் வழியாக அந்நாட்டை அறிந்தவர்களும் நம்மிடையே உள்ளனர். பீராவின் முழுப்பெயரான பீரபோங்சே பானுதேஜ் என்பதும் வீரவம்ச பானுதேஜ் என்ற வடமொழிச் சொற்களின் சயாமிய உருவமேயாகும்.

அவர் 1914 ஆம் ஆண்டு ஜூலை 15 ஆம் திகதி பாங்கொக்கில் பிறந்தார். மொங்குட் மன்னரின் பேரன். தந்தை பானுரங்சி இளவரசர், மன்னர் சூலலோங்கோர்னின் இளைய சகோதரர். 1927 ஆம் ஆண்டு கல்விக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டு ஈட்டன் பாடசாலையில் சேர்ந்த மறு ஆண்டே தந்தை காலமானார். தூர தேசத்தில் தனித்துவிட்ட சிறுவனுக்குத் துணையாக நின்றவர் இளவரசர் சூலா சக்ரபோங்சே. இவர் மன்னர் சூலலோங்கோர்னின் பேரன். தாயார் ரஷ்யப் பெண்மணி. ஆங்கில நூல்கள் இவ்விருவரையும் ஒரே சொல்லில் மைத்துனர் முறையினராகக் குறிப்பிட்டுவிடுகின்றன. நமது உறவுமுறைக் கணக்கில் பார்த்தால் பீரா சூலாவுக்குச் சாச்சா முறை. ஆனால், சாச்சாவைவிட மகன் முறையானவரே ஆறு வயது மூத்தவர், பாதுகாவலரும் அவரே. இந்தத் தலைகீழ் உறவுதான் பீராவின் வாழ்வை உயர்த்தியது என்பதும், பின்னர் அது முறிந்தபோது அவரது வீழ்ச்சி தொடங்கியது என்பதும் நாம் இங்கு சொல்ல விழையும் செய்தியாகும்.

பீரா முதலில் விரும்பியது சிற்பக் கலையை. பிரபல சிற்பி சார்ள்ஸ் வீலரிடம் பயின்றார். ஆனால், வேகத்தின் மீதான மோகம் அவரை விடவில்லை. 1935 ஆம் ஆண்டு, லண்டனுக்கு அண்மையிலுள்ள புரூக்லண்ட்ஸ் பாதையில் ரைலி இம்ப் என்ற சிறிய காருடன் முதன்முறையாகப் பந்தயத்தில் இறங்கினார். சூலா ஒரு பந்தயக் குழுவை அமைத்தார். சூலாவின் சிறுவயதுச் செல்லப் பெயருக்குச் சயாமிய மொழியில் எலி என்று பொருள். எனவே குழுவுக்கு வெள்ளை எலி எனப் பெயரிட்டு, காரின் பக்கத்திலும் சிறிய வெள்ளை எலியொன்றை வரைந்தனர். அதே ஆண்டு ஜூலையில் பீராவின் 21 ஆவது பிறந்தநாளுக்குச் சூலா வழங்கிய பரிசு, இங்கிலாந்தின் ஈ.ஆர்.ஏ. நிறுவனம் தயாரித்த ஒன்றரை லீற்றர் பந்தயக் கார். அதற்கு ரொமுலஸ் எனப் பெயர் சூட்டினர். பிறந்தநாள் கழிந்து ஐந்தே நாட்களில், பிரான்ஸின் டியெப் நகரில் அக்காரை ஓட்டி இரண்டாம் இடத்தைப் பெற்றார் பீரா. முதலிடம் பெற்றவர் பாட் பெயர்பீல்ட். இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னர் வாங்கிய இரு ஈ.ஆர்.ஏ. கார்களுக்கு ரெமுஸ், அனுமான் என்று பெயரிட்டனர். ரோமாபுரிச் சகோதரர்களுடன் இராமாயண அனுமானும் ஒரே கொட்டகையில் நின்றது நமக்குச் சுவையான செய்திதான்.

1936 ஆம் ஆண்டு பீராவின் பொற்காலம் தொடங்கியது. மொனாக்கோ நகர வீதிகளில் இளவரசர் ரெய்னியர் கிண்ணத்தை வென்றார். புரூக்லண்ட்ஸில் சர்வதேசக் கிண்ணப் பந்தயத்தில், ஈ.ஆர்.ஏ. நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ரேமண்ட் மேஸையே மயிரிழையில் முந்தினார். காரைச் செய்தவரையே அவர் செய்த காரினால் வெல்வதென்பது சாதாரண விடயமன்று. பிரித்தானியப் பந்தயச் சாரதிகள் கழகம் ஆண்டின் சிறந்த வீரருக்கு வழங்கும் தங்க நட்சத்திரத்தை 1936, 1937, 1938 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ச்சியாகப் பெற்றவர் இந்தச் சயாமியரே.

அக்காலப் பந்தயங்களின் ஆபத்தை இன்றைய தலைமுறை கற்பனை செய்வது கடினம். சாரதிகளின் தலையில் துணித்தொப்பி, கண்களில் காற்றுக் கண்ணாடி. இருக்கைப் பட்டியும் இல்லை, தலைக்கவசமும் இல்லை. பாதையோரத்தில் மரங்களும் கல்மதில்களும் இருக்கும். கார் கவிழ்ந்தால் சாரதி தூக்கியெறியப்படுவார். டியெப்பில் பீராவை வென்ற பெயர்பீல்ட் 1937 ஆம் ஆண்டு லெமான் பந்தய விபத்தில் உயிரிழந்தார். டோனிங்டன் பாதையில் அவருக்கு எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தைச் செதுக்கியவர் பீராவே. 1938 இல் ஜேர்மனியின் ரோஸ்மேயரும் 1939 இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் சீமனும் இவ்வாறே மாண்டனர். பீரா தப்பிப் பிழைத்தமைக்கு அவரது நிதானமே காரணம். ஆவேசமாக ஓட்டுபவர் என்ற பெயர் அவருக்கு இருந்ததில்லை. வளைவுகளில் அவர் கார் வழுக்காமல், சீராகச் செல்லும். (நமது பிரதான வீதியில் தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளில் பறக்கும் தம்பிமார் இதனைக் கவனிப்பார்களாக.)

எனினும், சாரதியின் திறமை மட்டும் பந்தயத்தை வெல்வதில்லை. அன்று வானொலித் தொடர்பு கிடையாது. ஓடும் காரில் இருப்பவருக்குத் தாம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறோம், முன்னால் செல்பவர் எத்தனை வினாடி தூரத்தில் உள்ளார், எப்போது பெட்ரோல் நிரப்ப நிற்க வேண்டும் என்பன எதுவுமே தெரியாது. பாதையோரத்தில் நிற்பவர்கள் காட்டும் பலகையே அவரது கண்ணும் காதும். அந்தப் பலகைக்குப் பின்னால் நின்றவர் சூலா. கையில் நேரக் கணிப்புக் கடிகாரம், எதிரே ஒவ்வொரு சுற்றையும் பதிவு செய்யும் குறிப்பேடு. பெட்ரோல், ரயர் என எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கணக்கிட்ட திட்டம் இருந்தது. நிறுவனங்களின் குழுக்களே திகைக்கும் ஒழுங்கில் ஒரு தனியார் குழு இயங்கியது. அங்கு பணியாற்றிய லொப்டி இங்கிலாண்ட் என்ற இயந்திரவியலாளர் பிற்காலத்தில் ஜகுவார் கார் நிறுவனத்தின் தலைவராக உயர்ந்தார்.

சூலாவின் கணக்குகள் எப்போதும் சரியாக இருந்தன என்றும் சொல்வதற்கில்லை. சீமனிடமிருந்து வாங்கிய பழைய டெலாஜ் காரைப் புதுப்பிக்கப் பெருந்தொகையைக் கொட்டினார். அது எதையும் வென்று கொடுக்கவில்லை.

1937 ஆம் ஆண்டு ஒக்டோபரில் டோனிங்டனில் நடைபெற்ற போட்டியை இங்கு தனியாகக் குறிப்பிட வேண்டும். ஹிட்லரின் அரசாங்கம் மெர்சிடிஸ், ஓட்டோ யூனியன் நிறுவனங்களுக்குப் பொருளுதவி செய்து, கார்ப் பந்தயத்தைத் தன் இனப் பெருமையின் மேடையாக்கியிருந்த காலம் அது. ஐந்தரை லீற்றரையும் தாண்டிய இயந்திரங்களுடன் அவ்விரு குழுக்களும் வந்திறங்கின. பீராவிடம் இருந்ததோ மூன்று லீற்றர் கொண்ட பழைய மசராட்டி. முதல் ஐந்து இடங்களையும் ஜேர்மன் கார்கள் பிடித்தன. இரண்டு சுற்றுகள் பின்தங்கி ஆறாவதாக வந்தார் பீரா. ஜேர்மன் கார்களுக்கு அடுத்ததாக, பிரித்தானியர் அனைவருக்கும் முன்பாக, அவர்களது சொந்த மண்ணில் முடித்தவர் ஓர் ஆசியர். வெற்றிகளைவிட இந்த ஆறாம் இடமே நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகின்றது.

அந்நாளில் ஒவ்வொரு நாட்டுக்கும் பந்தய நிறம் இருந்தது. பிரித்தானியாவுக்குப் பச்சை, பிரான்ஸுக்கு நீலம், இத்தாலிக்குச் சிவப்பு. பீராவின் கார்கள் வெளிர் நீலமும் மஞ்சள் சக்கரங்களுமாக ஓடி, அந்நிறங்களே சயாமின் நிறங்களாக ஏற்கப்பட்டன. இலங்கையும் இந்தியாவும் அன்று பிரித்தானியரின் ஆட்சியில் இருந்தன. நம்மவர் ஒருவர் அதே திறமையுடன் சென்றிருந்தாலும் அந்நியரின் பச்சை நிறத்தையே பூசியிருக்க வேண்டும். சயாம் எவருக்கும் அடிமைப்படாத நாடு. அந்த வேறுபாடு ஒரு காரின் வர்ணத்தில் தெரிந்தது. 1939 டிசம்பரில் பாங்கொக்கிலேயே ஒரு கிராண்ட் பிரீ பந்தயத்தை நடத்தவும் ஏற்பாடாகியிருந்தது. செப்டெம்பரில் மூண்ட போர் அதனைக் கனவாக்கிவிட்டது.

போர்க்காலத்தில் இரு இளவரசர்களும் கோர்ன்வோலில் வாழ்ந்தனர். 1942 ஜனவரியில் தாய்லாந்து, ஜப்பானின் பக்கம் சேர்ந்து பிரித்தானியா மீது போர்ப் பிரகடனம் செய்தது. சட்டப்படி எதிரி நாட்டவரான பீரா, அக்காலத்தில் பிரித்தானிய இளைஞர்களுக்கு இயந்திரமில்லா விமானம் ஓட்டக் கற்பித்துக்கொண்டிருந்தார்.

போர் முடிந்ததும் பந்தயத்துக்குத் திரும்பிய பீரா 1946 இல் அல்ஸ்டர் கிண்ணத்தை வென்றார். 1948 ஓகஸ்டில் ஒல்லாந்தின் சண்ட்வோர்ட் பாதையில் நடைபெற்ற முதற் பந்தயத்தின் வெற்றியாளரும் அவரே. ஆனால், அந்த ஆண்டின் இறுதியில் வெள்ளை எலிக் குழு கலைந்தது. சூலாவும் பீராவும் தத்தம் வழியில் சென்றனர். 1938 இல் மணந்த செரில் ஹேக்கொக்குடனான இல்வாழ்வும் 1949 இல் முறிந்தது.

இதன் பின்னர் நாம் காண்பது அதே கைகள், அதே நிதானம், ஆனால் வேறொரு கதை. 1950 ஆம் ஆண்டு மே 13 ஆம் திகதி சில்வர்ஸ்டோனில் தொடங்கிய முதலாவது உலக வாகையர் பந்தயத் தொடரில் பீராவும் கலந்துகொண்டார். மொனாக்கோவில் ஐந்தாம் இடமும் சுவிட்சர்லாந்தில் நான்காம் இடமும் கிடைத்தன. பின்னர் ஒருவர் காரை இரவல் பெறுவதும், தன் காரைத் தானே கவனிப்பதுமாக ஆண்டுகள் சென்றன. 1954 ஜூலையில் பிரான்ஸின் ரீம்ஸ் நகரில் தனது சொந்த மசராட்டியில் மூன்றாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தவருக்கு, கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்துபோனது. மொன்சோன் அவரைத் தாண்டிச் சென்றார். நான்காம் இடம்! உலக வாகையர் போட்டியின் மேடையில் ஏறும் வாய்ப்பு ஒரு சில லீற்றர் பெட்ரோலில் நழுவியது. கடிகாரமும் குறிப்பேடுமாக நின்ற சூலா அன்று அங்கு இருந்திருந்தால் அக்கணக்கு தவறியிருக்குமா என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. நமது கரையோரத்திலும் நல்ல உதைபந்தாட்ட வீரர்கள் தோன்றுகின்றனர். பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் கணக்குப் பார்க்கும் ஒருவர் இல்லாமல் 25 வயதுக்குள் கடல் கடந்து வேலைக்குச் சென்றுவிடுகின்றனர். மைதானத்தில் இருப்பவரை மட்டுமே நாம் பார்க்கின்றோம்.

1955 ஜனவரியில் நியூஸிலாந்து கிராண்ட் பிரீயை வென்ற பீரா அவ்வாண்டிலேயே ஓய்வு பெற்றார். உலக வாகையர் தொடரில் 19 பந்தயங்கள், மொத்தம் 8 புள்ளிகள். தாய்லாந்து நாட்டவர் ஒருவர் மீண்டும் அத்தொடரில் ஓட 2019 இல் அலெக்ஸ் அல்போன் வரும்வரை 65 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

ஓய்வு என்றாலும் அவர் சும்மா இருக்கவில்லை. 1952 இலேயே சிறிய விமானமொன்றைத் தாமே ஓட்டி லண்டனிலிருந்து பாங்கொக் சென்றவர் அவர். பாய்மரப் படகோட்டத்தில் தாய்லாந்தின் சார்பில் மெல்பேர்ன், ரோம், டோக்கியோ, மியூனிக் என நான்கு ஒலிம்பிக் விழாக்களில் பங்குபற்றினார். கடைசியாக 1972 இல் மியூனிக் சென்றபோது வயது 58. ஆனால் வணிகத்திலும் இல்லறத்திலும் நிலைபெறவில்லை. திருமணங்கள் பல நடந்தன, பல முறிந்தன. சூலா 1963 டிசம்பரில் கோர்ன்வோலில் காலமானார்.

நமது ஊர்களில் ஒருவர் வபாத்தானால் சற்று நேரத்துக்குள் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஊரெங்கும் அறிவித்துவிடும். ஜனாஸாவுக்கு ஆள் திரண்டுவிடும். எவ்வளவு ஏழையாயினும் யாரென்று தெரியாமல் ஒருவர் கிடப்பதில்லை. 1985 ஆம் ஆண்டு டிசம்பர் 23 ஆம் திகதி லண்டனின் பரன்ஸ் கோர்ட் சுரங்க ரயில் நிலையத்தில் முதியவர் ஒருவர் மாரடைப்பால் விழுந்து இறந்தார். அவரிடம் அடையாளப் பத்திரம் எதுவும் இல்லை. சுற்றி நின்றவர்களில் எவருக்கும் அவரைத் தெரியவில்லை. பொலிஸாருக்குக் கிடைத்தது கையால் எழுதப்பட்ட ஒரு கடிதம் மட்டுமே. அதன் எழுத்து என்ன மொழியென்று புரியாமல், அதனை லண்டன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினர். அது தாய்லாந்து மொழி என்றும் பீரா இளவரசருக்கு எழுதப்பட்ட கடிதம் என்றும் அங்கிருந்தோர் கூறினர். அதன் பின்னரே தாய்லாந்துத் தூதரகத்துக்குச் செய்தி சென்றது. விம்பிள்டனிலுள்ள பௌத்த விகாரையில் அவரது இறுதிக் கிரியைகள் நடைபெற்றன.