கோதுமை நோயின் மூலம் கண்ட மேத்தா

கோதுமையின் கொடிய பகை துரு நோய். தாளிலும் இலையிலும் இரும்புத் துரு போலத் தூள் படியும். மணி சுருங்கிப் பதராகும்.

இந்த நோய் ஆண்டுதோறும் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்தவர் கரம்சந்த் மேத்தா. 1892-ல் பிறந்த இவர், ஆக்ரா கல்லூரியில் பேராசிரியராக இருந்தார்.

வெயிலில் சாகும் தூள்

அறுவடை முடிந்தால் வட இந்தியச் சமவெளியில் கோதுமையே இருக்காது. கோடை வெயிலில் துருத் தூளும் செத்துவிடும். ஆனாலும் அடுத்த பருவத்தில் நோய் வந்தது. மேல்நாடுகளில் பார்பெரி என்ற முட்செடியில் இருந்து கறுப்புத் துரு பரவுவது உண்டு. இமயமலையிலும் அச்செடி இருக்கிறது. அதுதான் காரணமா?

இல்லை என்று காட்டினார் மேத்தா. மலைக் குளிர்ச்சியில், தானாக முளைத்த கோதுமையிலும் பருவம் தப்பிய பயிரிலும் துரு உயிரோடு இருந்தது. அங்கிருந்து காற்று அதைக் கீழே கொண்டு வந்தது. தெற்கே நீலகிரி, பழனி மலைகளும் நோயின் இருப்பிடங்கள் என்றார்.

மலைகளில் அந்தச் செடிகளை அழித்து, பருவம் தப்பிய சாகுபடியை நிறுத்தவேண்டும் என்பது அவர் யோசனை. 1940-ல் தம் ஆராய்ச்சியை நூலாக்கினார். 1950-ல் காலமானார்.

1970-களில் செயற்கைக்கோள் மேகப் படங்களைக் கொண்டு ஆராய்ந்தார்கள். நீலகிரித் துருவை வங்கக்கடல் புயல்கள் மத்திய இந்தியா வரை கொண்டுபோவது தெரிந்தது. மேத்தாவின் கணிப்பு உறுதியானது.