ஆல்டோ காஸ்டெல்லானி

ஆல்டோ காஸ்டெல்லானி இத்தாலிய மருத்துவரும் நுண்ணுயிரியலாளரும் ஆவார். பிளாரன்ஸ் நகரில் பிறந்த இவர் 1903 முதல் 1915 வரை கொழும்பில் பணியாற்றினார். மனித உடலில் வாழும் ஈஸ்ட் (மதுவம்) வகைப் பூஞ்சைகள் சிலவற்றை முதன்முதலில் விவரித்தவர் இவரே. தேயிலைத் தொழிலில் ஈடுபட்டோரிடம் காணப்பட்ட இருமலுக்கும் பூஞ்சைகளே காரணம் எனக் கருதினார்.

உகாண்டாவில்

1899 இல் மருத்துவப் பட்டம் பெற்ற காஸ்டெல்லானி, ஜெர்மனியின் பான் நகரிலும் பின்னர் லண்டனிலும் பயின்றார். 1902 இல் தூக்க நோயை ஆராய லண்டன் ராயல் சொசைட்டி உகாண்டாவுக்கு அனுப்பிய மூவர் குழுவில் இடம்பெற்றார். அங்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவைக் கண்டு, நோய்க்கு அதுவே காரணம் என்று முதலில் எண்ணினார். பின்னர் நோயாளிகளின் தண்டுவட நீரில் டிரிப்பனோசோம் என்னும் ஒட்டுண்ணியைக் கண்டார். 1903 இல் அங்கு வந்த டேவிட் புரூஸ், உண்மையான காரணம் இவ்வொட்டுண்ணியே என நிறுவினார். கண்டுபிடிப்பின் பெருமை யாருக்குரியது என்ற பூசல் பல ஆண்டுகள் நீடித்தது.

கொழும்பில்

1903 இல் கொழும்பு பாக்டீரியவியல் நிறுவனத்தின் இயக்குநரானார். 1905 இல் இலங்கையில் பறங்கிப்புண் எனப்பட்ட நோயின் சுருளுயிரியைக் கண்டறிந்தார். ஆயினும் இவரது பெயர் இன்றும் மிகுதியாக வழங்குவது பூஞ்சையியலில்தான். இன்று காண்டிடா டிராப்பிக்காலிஸ், காண்டிடா குரூசி என அறியப்படும் ஈஸ்டுகளை 1910 இல் வேறு பெயர்களில் விவரித்தார். காண்டிடா என்னும் பேரினப் பெயரே 1923 இல்தான் சூட்டப்பட்டது.

அக்காலத்தில் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பில் இயங்கிய தேயிலைத் தொழிற்சாலைகளில் தூசி மிகுதி. கொழும்பில் தேயிலையைச் சுவைத்துத் தரம் பிரிப்போரும் காய்ந்த இலையை மூக்கருகே வைத்து முகர்வர். இவ்விரு சாராரிடமும் காணப்பட்ட நீடித்த இருமலைக் காஸ்டெல்லானி தனி நோயாக விவரித்தார். சளியில் ஈஸ்டுகளைக் கண்டதால், அவை நுரையீரலைத் தொற்றியதே காரணம் என்றார்.

தொழிலுக்கும் இருமலுக்கும் உள்ள தொடர்பை அவர் சரியாகவே கண்டார். காரணம் பற்றிய கருத்துத்தான் நிலைக்கவில்லை. காண்டிடா நலமுள்ளோரின் வாயிலும் இயல்பாக வாழ்வது. இருமிக் கொணரும் சளியில் அது எளிதாகக் கலந்துவிடும். ஆகவே சளியில் ஈஸ்ட் இருப்பது மட்டுமே நுரையீரல் தொற்றுக்குச் சான்றாகாது. உகாண்டாவில் பாக்டீரியாவால் நேர்ந்த அதே தடுமாற்றம் இது எனலாம். ஒவ்வாமை என்னும் கருத்தையே 1906 இல்தான் வியன்னாவின் பிர்க்கே முன்வைத்தார் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

1970 இல் இலங்கை மருத்துவர் சி. ஜி. ஊரகொட, தொழிற்சாலையில் தேயிலை தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கரிடம் காணப்பட்ட ஆஸ்துமாவை விவரித்தார். 1994 இல் ஜப்பானில், பச்சைத் தேயிலையால் வரும் ஆஸ்துமாவுக்குத் தேயிலையில் உள்ள ஒரு கேட்டக்கினே முதன்மைக் காரணம் எனக் காட்டப்பட்டது. தொற்று அன்று, தேயிலைப் பொருளுக்கு எதிரான ஒவ்வாமையே அது.

இதனால் ஈஸ்டுகளுக்கும் ஒவ்வாமைக்கும் தொடர்பே இல்லை என்று கொள்ளலாகாது. தோலில் வாழும் மலசீசியா என்னும் ஈஸ்டுக்கு எதிரான ஐ.ஜி.ஈ. எதிர்ப்பொருள்கள், ஒவ்வாமைத் தோலழற்சி உடையோர் பலரிடம் உள்ளன. தலை, கழுத்துப் பகுதிகளில் அழற்சி கடுமையாக உள்ளோரிடம் இவை மிகுதி. அரிதாகக் காண்டிடாவும் நுரையீரலில் ஒவ்வாமை நோயை உண்டாக்குவதுண்டு. ஆனால் சோர்வு, தலைவலி முதலிய அனைத்துக்கும் உடலில் உள்ள ஈஸ்டே காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்குத் தக்க சான்று இல்லை.

பிற்காலம்

1915 இல் இத்தாலி திரும்பிய காஸ்டெல்லானி, பின்னர் லண்டனிலும் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலும் பணியாற்றினார். தோல் பூஞ்சை நோய்களுக்கு இவர் உருவாக்கிய செந்நிறப் பூச்சு மருந்து இவரது பெயராலேயே வழங்குகின்றது. 1930 இல் தாம் வளர்த்த ஈஸ்ட் தட்டுகளில் ஓர் அமீபா வளர்ந்திருப்பதைக் கண்டார். அகாந்தமீபா காஸ்டெல்லானியை எனப்படும் அவ்வினம், தொடுவில்லை அணிவோரின் கண்ணில் கடும் தொற்றை உண்டாக்கக் கூடியது.

1935-36 எத்தியோப்பியப் போரில் முசோலினியின் படைகளுக்கு மருத்துவத் தலைமை ஏற்றார். இத்தாலி நச்சு வாயுவைப் பயன்படுத்திய போர் அது. அறிவியல் சாதனைகளோடு இதையும் சேர்த்தே இவரை மதிப்பிட வேண்டியுள்ளது. 1946 இல் நாடு நீங்கிய இத்தாலிய அரசி மரியா ஜோசேயுடன் போர்த்துகல் சென்ற இவர், 1971 இல் லிஸ்பனில் காலமானார்.