தகர டின்னும் மணல்கடலும்: ரால்ஃப் பாக்னோல்ட்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு லாரி மணலில் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும்னு வச்சுக்கோங்க. பாலைவனத்துக்குள்ள 800 கிலோமீட்டர் போய், அதே 800 திரும்பி வரணும். வழியில் பங்க் இல்லை, ஊர் இல்லை. 400 லிட்டர் பெட்ரோல் வேணும், எடை சுமார் 300 கிலோ. அதை ஒழுகுற தகர டின்களில் ஏற்றிட்டுப் போய், நாலில் ஒரு பங்கு மணலுக்கே போயிருச்சுன்னா? 1200 கிலோமீட்டரில் வண்டி நின்னுடும். முகாம் இன்னும் 400 கிலோமீட்டர் தள்ளி. நடக்கணும்.

இந்தக் கணக்கைத் தன் உயிரையும் நண்பர்கள் உயிரையும் வைத்துப் போட்டுப் பார்த்த மனிதர்தான் ரால்ஃப் பாக்னோல்ட். இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் 1896-ல் பிறந்தவர். அப்பா ராணுவப் பொறியாளர். அக்கா ஈனிட் பாக்னோல்ட், பின்னாளில் பெயர் பெற்ற எழுத்தாளர். முதல் உலகப்போரில் ராயல் இன்ஜினியர்ஸ் படையில் இருந்தார். பிரான்ஸ், பெல்ஜியம் சேற்றுக்குழிகளில் போர் முடிந்தது. பிறகு கேம்பிரிட்ஜில் இன்ஜினியரிங் படித்துவிட்டு மறுபடியும் ராணுவத்துக்கே போனார். 1926-ல் கெய்ரோவில் போஸ்டிங்.

கெய்ரோவில் மற்ற அதிகாரிகள் லீவு கிடைத்தால் போலோ ஆடப் போவார்கள். இவருக்கு ஃபோர்டு மாடல் டி கார் கிடைத்தது. முதலில் சினாய், பாலஸ்தீனம் பக்கம் ஓட்டினார். அப்புறம் மேற்கே திரும்பினார். நைல் நதிக்கு மேற்கே இருக்கிற லிபியப் பாலைவனம் கிட்டத்தட்ட இந்தியா அளவுக்குப் பரந்தது. அதன் நடுவில் பெரும் மணல்கடல். வடக்கு தெற்காக வரிசை வரிசையாக, 100 மீட்டர் வரை உயரும் குன்றுகள். காரில் இதைக் குறுக்கே தாண்ட முடியாது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள்.

1929, 1930, 1932 என்று மூன்று பெரிய பயணங்கள். அரசாங்கம் அனுப்பிய பயணங்கள் இல்லை. நண்பர்கள் சேர்ந்து லீவு போட்டு, கைக்காசு போட்டுப் போனவை. வண்டி, ஃபோர்டு மாடல் ஏ. தேவையில்லாத பாகங்களைக் கழற்றி எறிந்து, பின்னால் மரப்பெட்டி மாதிரி ஒரு உடலைப் பொருத்தினார்கள். ஏன்னா குறைக்கிற ஒவ்வொரு கிலோவும் கூடுதல் பெட்ரோலுக்கு இடம்.

தண்ணீர் விஷயத்திலும் இதே கணக்குதான். ரேடியேட்டர் கொதித்தால் ஆவி வெளியே போய்விடும். அதற்கு ஈடாக ஊற்றவும் தண்ணீர் சுமக்கணும். பாக்னோல்ட் குழு ரேடியேட்டரின் ஓவர்ஃப்ளோ குழாயை மூடிவிட்டு, அதிலிருந்து ஒரு பைப்பை, பாதி தண்ணீர் நிரம்பிய கேனுக்குள் இறக்கியது. ஆவி அங்கே போய்த் தண்ணீராகும். இன்ஜின் ஆறும்போது ரேடியேட்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, அந்தத் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இன்றைக்கு நம்ம கார் பானட்டைத் திறந்தால் தெரிகிற கூலன்ட் டப்பாவும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது.

திசைக்கு, வண்டியின் இரும்பில் ஏமாறாத சூரிய திசைகாட்டி: தட்டின் நடுவே ஒரு ஊசி, அதன் நிழல், அவ்வளவுதான். மணலில் புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் போட எஃகுத் தகடுகள். உலகப்போர் காலத்துப் பதுங்குகுழிக் கூரைக்காகச் செய்யப்பட்டவை, கெய்ரோவில் பழைய இரும்புக் கடையில் கிடைத்தவை. டயரில் காற்றை இறக்கிவிட்டு, குன்றை முழு வேகத்தில் நேராக முட்டினால் வண்டி ஏறிவிடும் என்பதையும் அவர்கள் ஓட்டி ஓட்டித்தான் கண்டுபிடித்தார்கள். 1930-ல் மணல்கடலைக் குறுக்கே கடந்தார்கள். 1932-ல் சூடானின் டார்ஃபூர் வரை சென்று திரும்பியதில் மொத்தம் 6000 மைலுக்கு மேல்.

ஆனால் பெட்ரோல் டின் மட்டும் சரியாகவே இல்லை. அன்றைக்கு எகிப்தில் பெட்ரோல் வந்தது 4 கேலன், அதாவது 18 லிட்டர் பிடிக்கிற மெல்லிய தகர டின்னில். இரண்டு டின்னை ஒரு மரப்பெட்டியில் அடைப்பார்கள். ஓரமெல்லாம் ஈயப்பற்று. பெட்ரோல் டிகிரிக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரிவடையும். விடியற்காலைக் குளிரிலிருந்து மதிய வெயிலுக்கு 20 டிகிரி ஏறினால், 18 லிட்டரில் மூன்றரை டெசிலிட்டர் கூடுதல் இடம் வேணும். டின் உப்பும், ராத்திரி சுருங்கும். கூடவே நாள் முழுக்கக் கல்லில் குதிக்கிற லாரி. பற்று விடாமல் என்ன செய்யும்?

ஒழுகாமல் தப்பித்த டின்னிலும் சிக்கல் உண்டு. ஓட்டை குத்தித்தான் திறக்கணும். திறந்தால் மூட முடியாது. காற்றடிக்கும் நேரத்தில் ஊற்றினால் மணலும் சேர்ந்து டேங்குக்குள் இறங்கும். தகரத்தின் துருவும், ஈயப்பற்றுத் துணுக்கும், அடியில் தங்கிய தண்ணீரும் கூடவே வரும். கார்புரேட்டர் ஜெட்டின் துளை ஊசிமுனை அளவு. ஒரு மணல் துகள் போதும். அந்தக் காலத்து விமானிகள் ஷாமி தோல் விரித்த புனலில் பெட்ரோலை வடிகட்டி ஊற்றியது இதனால்தான். தோல் தண்ணீரையும் அழுக்கையும் தடுத்துவிடும்.

1935-ல் ராணுவத்தை விட்டு வந்த பாக்னோல்ட், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சொந்தக் கையால் ஒரு காற்றுச் சுரங்கம் கட்டி மணலைப் பறக்கவிட்டு அளந்தார். துகள்கள் எப்படித் துள்ளுகின்றன, குன்று எப்படி நகர்கிறது என்று அவர் 1941-ல் வெளியிட்ட புத்தகம் இன்னும் அந்தத் துறையில் அடிப்படை நூல்.

அதற்குள் இரண்டாம் போர் வந்துவிட்டது. 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும், ஜெனரல் வேவலிடம் தன் யோசனையைக் கொண்டுபோனார்: பாலைவனத்தின் உள்பக்கம் வழியாகப் போய் எதிரியை வேவு பார்க்கும் ஒரு சிறு படை. ஆறு வாரத்தில் தயாராகணும் என்று உத்தரவு. செவ்ரோலே லாரிகளைக் கொஞ்சம் அலெக்ஸாண்ட்ரியா டீலரிடமும், மிச்சத்தை எகிப்திய ராணுவத்திடமும் தேற்றினார். ஆட்கள் நியூசிலாந்துக்காரர்கள், அதில் நிறையப் பேர் விவசாயிகள். நீள்தூரப் பாலைவனக் குழு பிறந்தது.

ரோந்துக்கு 1000 மைலுக்கு மேல் பெட்ரோலை லாரியிலேயே சுமந்தார்கள். வழியில் முன்கூட்டியே கொண்டுபோய் ஒளித்துவைத்த கிடங்குகளும் உண்டு. முதல் ரோந்திலேயே ஒரு பிரிவு இத்தாலியர்களின் பாலைவன விமானத்தளங்களில் இருந்த பெட்ரோல் சேமிப்பை நாசம் செய்தது. எதிரியின் குரல்வளை எங்கே இருக்குன்னு இவங்களைவிட நல்லா யாருக்குத் தெரியும்?

அதே குரல்வளை இவர்களுக்கும் இருந்தது. 1941 ஜனவரி 31 அன்று குஃப்ரா பக்கம் ஜெபல் ஷெரீஃப்பில் ஒரு பிரிவை எதிரி மடக்கினான். பெட்ரோலும் வெடிபொருளும் ஏற்றிய லாரிகள் எரிந்தன. தப்பிய நால்வர் மூர் என்ற சிப்பாயின் தலைமையில், சரணடைய மறுத்து, ஒரே ஒரு 2 கேலன் தண்ணீர் டின்னோடு நடந்தார்கள். மூர் 10 நாளில் நடந்தது சுமார் 340 கிலோமீட்டர். மீட்கப்பட்ட பிறகு நால்வரில் ஒருவர் இறந்துபோனார்.

டின் பிரச்சினைக்குத் தீர்வு எதிரியிடமிருந்தே வந்தது. ஜெர்மானியர்கள் 1930-களில் வடிவமைத்த 20 லிட்டர் எஃகுக் கேன்: பற்றவைத்த ஓரம், பலம் தர அழுத்திய பள்ளங்கள், நெம்புகோல் மூடி, பெட்ரோல் விரிவடைய உள்ளே விட்டுவைத்த காற்றிடம், துரு பிடிக்காமல் உட்பூச்சு, மூன்று கைப்பிடி. புனலே வேண்டாம். கைப்பற்றிய கேன்களைப் பிரிட்டிஷார் பொக்கிஷம் போல வைத்துக்கொண்டார்கள். கடைசியில் அப்படியே காப்பியடித்து லட்சக்கணக்கில் தயாரித்தார்கள். ஜெர்ரி என்பது ஜெர்மானியருக்கு வைத்த பட்டப்பெயர், அதனால் ஜெர்ரிகேன். பழைய தகர டின்னுக்கும் ஒரு வாழ்வு கிடைத்தது: பாதியாக வெட்டி, மணல் நிரப்பி, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினால் டீ அடுப்பு.

1941-ல் பழைய பயண நண்பர் பிரெண்டர்காஸ்ட்டிடம் குழுவை ஒப்படைத்தார் பாக்னோல்ட். 1944-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். போருக்குப் பிறகும் மணல், ஆற்று வண்டல் ஆராய்ச்சியை விடவில்லை. எண்பது வயதுக்கு மேல், செவ்வாய்க் கிரகத்து மணலைப் பற்றிப் பேச நாசா கூட்டத்துக்கு அழைக்கப்பட்டார். 1990-ல், 94 வயதில் காலமானார்.

செவ்வாயில் கேல் பள்ளத்துக்குள் இருக்கும் ஒரு மணற்குன்றுத் தொடருக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். 2015 கடைசியில் கியூரியாசிட்டி வண்டி அங்கே போய் மணலை அள்ளிப் பார்த்தது. அது ஓடுவது புளூட்டோனியச் சூட்டில் கிடைக்கும் மின்சாரத்தில்; டின் எதுவும் கொண்டுபோகவில்லை.