கோட்டுக்குள் ஆளைத் தேடியவர்

பழைய வருடங்களின் மின்தேவையைப் புள்ளிகளாகக் குறித்து, அதே சாய்வில் ஸ்கேலை வைத்து வரும் பத்து வருஷத்துக்கும் கோடு இழுத்துவிடுவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கற்ற 'திட்டமிடல்' இவ்வளவுதாங்க. அந்தக் கோட்டுக்குள் மனிதர் யாரும் இல்லை என்று எனக்கு உறைக்க வைத்தவர், நான் நேரில் பார்த்தே இராத பேராசிரியர் அமுல்ய ரெட்டி.

1930-ல் பெங்களூரில் பிறந்தவர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டாக்டர் பட்டம். பேராசிரியர் பாக்ரிஸுடன் சேர்ந்து எழுதி 1970-ல் வெளியான மின்வேதியியல் நூல் அவருக்குப் பெரும்பெயர் தந்தது. இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் பதவி வேறு. ஆய்வுக்கூடத்திலேயே நிம்மதியாக இருந்திருக்கலாம். மனிதர் இருக்கவில்லை! 1974-ல் கிராமங்களுக்கான தொழில்நுட்பத்துக்கென்று 'அஸ்த்ரா' அமைப்பைத் தொடங்கி, தும்கூர் மாவட்டத்து உங்ரா பக்கம் போய்விட்டார்.

போனதும் கணக்கெடுத்தார்கள். எவ்வளவு விறகு, எவ்வளவு தண்ணீர், சுமப்பது யார், எத்தனை மணி நேரம்? கிராமத்து எரிசக்தியில் பெரும்பங்கு அடுப்பு விறகுதான். அதற்காக நடப்பவர்களில் பெண்களும் குழந்தைகளும் அதிகம். எந்தக் கரண்ட் மீட்டரிலும் ஏறாத உழைப்பு அது.

பக்கத்துப் பூரா கிராமத்தில் சாண எரிவாயுவைச் சமையலுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வாயு போதவில்லை, திட்டம் படுத்துவிட்டது. ஆனால் அவர்கள் மூட்டை கட்டவில்லை. ஊருக்கு முதல் தேவை குடிதண்ணீர் என்று தெரிந்தது. 1987-ல் அதே வாயுவோடு கொஞ்சம் டீசலும் சேர்த்து இன்ஜினை ஓட்டி, ஆழ்குழாய்த் தண்ணீரும் வீட்டு விளக்கும் கொடுத்தார்கள். சாணம் கொண்டு வந்தவர்களுக்குக் காசு. செரித்த சாணம் உரமாக அவர்களுக்கே திரும்பியது.

இதே பார்வையை 1991-ல் கர்நாடகம் முழுமைக்கும் விரித்தார். எல்லா வீட்டுக்கும் விளக்கு கொடுத்து, பம்ப்செட், பல்பு, வெந்நீர் அடுப்பு இவற்றில் வீணாவதைக் குறைத்தால், அரசுக் குழு கேட்ட மின்நிலையத் திறனில் பாதிகூட வேண்டாம் என்று அவர் குழு கணக்குப் போட்டுக் காட்டியது. 2000-ல் பிரேசில், ஸ்வீடன், அமெரிக்க நண்பர்கள் மூவரோடு வால்வோ சுற்றுச்சூழல் பரிசு பெற்றார். 2006-ல் மறைந்தார்.

தம்பி, தங்கைகளே! எத்தனை மெகாவாட் என்று நமக்கு வகுப்பிலேயே கணக்குப் போடச் சொல்லித் தந்தார்கள். யாருக்கு, எதற்கு என்ற கேள்வியை நாமாகத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் இப்போது ஸ்கேலை எடுக்கும் முன் அதைக் கேட்டுவிடுகிறேன்.